கோழிமுட்டைக்குள் ஒரு மரணக் கணக்கு

நரம்பு செல்கள் வளரும் கருவிலேயே சாகின்றன என்பதற்கு ஒரு முக்கியமான சான்று கிடைத்த இடம் பெரிய ஆய்வுக்கூடம் அல்ல. இத்தாலியின் டூரின் நகரத்தில் ஒரு வீட்டுப் படுக்கையறை!

1938-ல் முசோலினி அரசின் இனச் சட்டங்கள் யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றின. அப்படி வெளியே தள்ளப்பட்டவர்களில் ரீட்டா லெவி-மொண்டால்சினி என்ற இளம் மருத்துவரும் ஒருவர். அவர் சும்மா இருக்கவில்லை. படுக்கையறையில் ஆய்வுக்கூடம் அமைத்தார். தையல் ஊசிகளைத் தீட்டி அறுவைக் கருவிகள் ஆக்கினார். ஆராய்ச்சிக்குக் கோழிமுட்டைகள். பதவி பறிக்கப்பட்ட அவருடைய பேராசிரியர் ஜுசெப்பே லெவியும் அங்கே வந்து சேர்ந்துகொண்டார். டூரினில் குண்டு மழை பொழிந்தபோது எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிராமத்துக்குப் போனார்கள்.

இதற்கெல்லாம் தூண்டுதல் விக்டர் ஹாம்பர்கர் 1934-ல் எழுதிய ஒரு கட்டுரை. அவரும் யூதர், நாஜிகளால் ஜெர்மனியில் வேலை இழந்து அமெரிக்காவில் தங்கிவிட்டவர். கோழிக் கருவில் இறக்கையாக வேண்டிய மொட்டை வெட்டி எடுத்தால், அதே பக்கத்துத் தண்டுவடத்தில் நரம்பு செல்கள் குறைந்துபோவதை அவர் கண்டார். இறக்கையிலிருந்து சைகை வராததால் அந்த செல்கள் உருவாகவே இல்லை என்பது அவருடைய விளக்கம்.

கடையில் இருப்பு குறைந்தால் சரக்கு வராமல் இருந்திருக்கலாம், வந்தபின் போயிருக்கலாம். கடைசி நாள் இருப்பை மட்டும் பார்த்தால் எது என்று தெரியாது. ரீட்டா வெவ்வேறு வயதுக் கருக்களை எடுத்து வரிசையாகப் பார்த்தார். செல்கள் உருவாகியிருந்தன, வளரவும் தொடங்கியிருந்தன. அதன் பிறகுதான் செத்தன! இத்தாலியில் யூதர்கள் எழுத வழியில்லாததால் 1942-ல் அது பெல்ஜியத்து இதழ் ஒன்றில் வெளியானது.

1947-ல் ஹாம்பர்கர் அவரை செயின்ட் லூயிஸ் நகருக்கு அழைத்தார். சில மாதங்களுக்கு என்று போனவர் முப்பது வருடம் அங்கே வேலை பார்த்தார். இருவரும் சேர்ந்து பார்த்ததில் ரீட்டா சொன்னதே சரி என்று ஹாம்பர்கர் ஏற்றுக்கொண்டார். தன் முடிவை மறுத்தவரையே கூப்பிட்டு வைத்துக்கொள்ளும் மனம் எத்தனை பேருக்கு வரும்? 1949-ல் அவர்கள் எழுதிய கட்டுரையில் இன்னொரு செய்தி இருந்தது. எதையும் வெட்டாத கருவிலும் சில இடங்களில் நரம்பு செல்கள் சாகின்றன. அதாவது இது நோய் அல்ல, வளர்ச்சியின் ஒரு பகுதி.

1950-களில் ரீட்டாவும் ஸ்டான்லி கோஹனும் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அது கிடைத்த செல் பிழைக்கும், கிடைக்காதது சாகும். 1986-ல் அவர்கள் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹாம்பர்கருக்கு இல்லை. அநியாயம்தான்.

அதுவரை இது ஒருவகைப் பட்டினிச் சாவு என்றே நினைக்க இடம் இருந்தது. 1988-ல் அதே செயின்ட் லூயிஸில் யூஜின் ஜான்சன் குழுவினர் நரம்பு செல்களுக்கு அந்தக் காரணியை நிறுத்தினார்கள். கூடவே, செல் புதுப் புரதம் தயாரிக்க முடியாதபடி மருந்து கொடுத்தார்கள். செல்கள் சாகவில்லை! பட்டினி கிடப்பவனின் கையைக் கட்டினால் அவன் பிழைக்க மாட்டான். தற்கொலைக்குப் போகிறவனின் கையைக் கட்டினால் பிழைப்பான். செல் தன் சாவுக்கான கருவியைத் தானே தயாரிக்கிறது. வளர்ச்சிக் காரணி அதைத் தடுத்து வைத்திருக்கிறது.

அந்தக் கருவி எது என்பதை ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழு காட்டிக்கொடுத்தது. அதன் உடலில் உருவாகும் 1090 செல்களில் 131 செல்கள் தவறாமல் சாகின்றன. அவற்றில் பெரும்பாலானவை நரம்பு செல்கள் ஆகவேண்டியவை. ராபர்ட் ஹார்விட்ஸ் குழுவினர் செட்-3 என்ற மரபணுவைக் கெடுத்தபோது அவை பிழைத்துக்கொண்டன. அந்த மரபணு தரும் புரதம் மற்ற புரதங்களை வெட்டும் ஒரு நொதி என்று 1993-ல் தெரிந்தது. அதே குடும்பத்து நொதிகள் மனித நரம்பு செல்லிலும் இருக்கின்றன. இன்று அவற்றுக்குக் காஸ்பேஸ் என்று பெயர்.