கொடிமரம் ஏறியவர் வரைந்த முகம்

பாரதி என்றதும் உங்களுக்கு ஒரு முகம் ஞாபகத்துக்கு வரும். வெள்ளை முண்டாசு, கறுப்புக் கோட்டு, முறுக்கு மீசை, நெற்றியில் பொட்டு, நம்மையே பார்க்கிற கண்கள். பாடப் புத்தகத்தில், காலண்டரில், ஆட்டோவின் முதுகில் பார்த்த முகம். அது ஓர் ஓவியம். வரைந்தவர் ஆர்யா என்கிற பாஷ்யம்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் ஒரு கடையின் கல்லாவுக்கு மேலே, லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் அந்த முகம் மாட்டியிருந்தது. "இது யார் வரைஞ்சதுண்ணே?" என்று கேட்டேன். "வரைஞ்சதா? போட்டோ தம்பி இது" என்றார் கடைக்காரர். ஓர் ஓவியருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்காது. ஆனால் அந்தப் பாராட்டிலேயே அவர் பெயர் காணாமல் போய்விட்டது.

இந்த மார்க்கெட்டுக்கு குபேர் அங்காடி என்று பெயர் வைத்தும் ஊர் வாயில் அது பெரிய மார்க்கெட்தான். இதை ஒட்டிப் போகிற தெருவுக்கே பாரதி வீதி என்று பெயர். ஆங்கிலேய அரசின் கைதுக்குத் தப்பி 1908இல் இந்தப் பிரெஞ்சு ஊருக்கு வந்த பாரதி, 1918 வரை இங்கேதான் இருந்தார். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் அவர் குடியிருந்த வீடு இன்று நினைவு இல்லம். அவருடைய புகைப்படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் இரண்டு இந்த ஊரில் எடுத்தவை. ஒன்றில் செல்லம்மாளோடு இருக்கிறார். இன்னொன்றில் குடும்பமும் நண்பர்களும் சூழ இருக்கிறார்.

பாரதி 1921இல் இறந்தபோது, மன்னார்குடிப் பக்கத்துக்காரரான பாஷ்யம் பள்ளிக்கூட வயசுப் பையன். வளர்ந்ததும் அவர் தேர்ந்தெடுத்தது ஓவியத்தை இல்லை, போராட்டத்தை. 1932 ஜனவரி 26. முழு சுதந்திரம் வேண்டும் என்று காங்கிரஸ் உறுதி எடுத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. சட்டமறுப்பு இயக்கத்தை அரசு அடக்கிக்கொண்டிருந்த நேரம். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் உயரமான கொடிமரத்தில் இருட்டோடு இருட்டாக ஏறி மூவர்ணக் கொடியைக் கட்டிவிட்டு இறங்கினார் பாஷ்யம். பிரிட்டிஷ் கொடி பறக்க வேண்டிய இடத்தில் நம்ம கொடி. விடிந்ததும் அதிகாரிகள் அதை இறக்கினார்கள். சிறைக்கும் போய் வந்த இந்த மனிதர்தான் பிற்பாடு ஓவியரானார்.

நடுவயதில் தூரிகை எடுத்தவர்களைப் பற்றிப் பேசினால் பாரிசின் ஆன்ரி ரூசோ பெயர் வரும். சுங்கச் சாவடி ஊழியர். 1893இல் 49 வயதில் வேலையை விட்டு, சொற்ப ஓய்வூதியத்தோடு முழுநேர ஓவியரானவர். அவருக்கு முதல் வேலை ஒரு தடை. அதை உதறினால்தான் முழுநேரமும் படம் வரையலாம். ஆர்யாவின் கதை வேறு மாதிரி. அவர் முதல் வாழ்க்கையை உதறவில்லை, அதைத்தான் வரைந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில் இருப்பவர் ஒடிசலான, களைத்த மனிதர். அவர் நடத்திய 'இந்தியா' பத்திரிகையை பிரிட்டிஷ் எல்லைக்குள் நுழையவிடாமல் தடுத்தார்கள். 1910இல் அது நின்றே போனது. அப்புறம் வந்ததெல்லாம் பணமுடையும் ஒற்றர்களின் கண்காணிப்பும். ஆர்யாவின் படத்தில் அந்தக் களைப்பு இல்லை. கொடிமரம் ஏறுகிற இளைஞனுக்குத் துணிச்சல் தருகிற முகமாக அது இருக்கிறது. அச்சத்தைப் பழித்த கவிஞனுக்கு இப்படி ஒரு முகம்தான் இருக்க முடியும் என்று நாமும் நம்பிவிட்டோம்.

ஆனால் உருவப்படம் எதையாவது எடுத்துக்கொண்டால் எதையாவது விடவும் செய்யும். புதுச்சேரிப் படங்களில் பாரதிக்குப் பக்கத்தில் செல்லம்மாள் இருக்கிறார், மகள்கள் இருக்கிறார்கள். அந்தப் பத்து வருஷக் கஷ்டத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. நம் சுவர்களில் மாட்டியிருக்கும் பாரதி மட்டும் தனி ஆள். இதற்கு ஆர்யாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் வரைந்தது ஒரு தலைமுறைக்குத் தேவைப்பட்ட முகம். அது ஒன்றே போதும் என்று நின்றுவிட்டது நாம்தான்.

அடுத்த முறை அந்த முகத்தைப் பகிரும்போது, கீழே 'ஓவியம்: ஆர்யா' என்று போடுங்கள். கூடவே புதுச்சேரிப் புகைப்படத்தையும் ஒரு தடவை பாருங்கள்.