வளைவு கற்றுக்கொடுத்த வித்தை

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை, பெலிஹுல்ஓயா என்று ஏறிவரும் ஏ-4 வீதி, ஹல்துமுல்லையைத் தாண்டி பெரகல சந்தியில் பிரிகிறது. அங்கிருந்து ஏ-16 அப்புத்தளை, பண்டாரவளை வழியாக ஹாலிஎலைக்குப் போகும். ஏ-4 கொஸ்லந்தையையும் தியலும நீர்வீழ்ச்சியையும் தொட்டுக்கொண்டு வெல்லவாயவுக்கு இறங்கும். பயணிகளுக்கு இந்தச் சந்தியில் பனியும் தேயிலையும் தெரியும். பழைய கார் வைத்திருப்பவருக்கு இங்கே காதுதான் வேலை செய்யும்: எந்தச் சக்கரத்தில் 'டொக்' என்று கேட்கிறது, எந்த வளைவில் வண்டியின் பின்பக்கம் சற்றே விலகுகிறது என்று அவர் கவனித்துக்கொண்டே வருவார். ஊவாவின் மலைப்பாதைகள் நூற்றைம்பது வருடங்களாக வண்டிகளின் வில்லை, அதாவது ஸ்பிரிங்கை, சோதித்துக்கொண்டிருக்கின்றன.

தொடக்கத்தில் வில்லே இல்லை. கோப்பிக் காலத்தில் மூட்டைகளை இறக்கியவை மாட்டுவண்டிகள். மரச் சக்கரம், இரும்புப் பட்டை, அச்சின் மேல் நேராகத் தட்டு. கோப்பிக்கொட்டை குலுங்கினால் யாரும் முறையிடப்போவதில்லை. லண்டனில் ஒபதையா எலியட் என்பவர் 1804இலேயே நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். அந்தச் சொகுசு குதிரைவண்டித் துரைமாருக்கு மட்டும் கிட்டியது. 1869இல் ஊவாவின் மடுல்சீமையில் கோப்பி இலையில் துரு நோய் முதலில் தென்பட்டது. பின் கோப்பி அழிந்து தேயிலை ஏறியது. புகையிரதம் 1893இல் அப்புத்தளையை எட்டினாலும் பதுளையைத் தொட 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் மோட்டார் வண்டி மலையேறிவிட்டது.

அந்தக் கார்களின் அடிப்பாகம் மாட்டுவண்டிக்குத் தூரத்து உறவு என்றுதான் சொல்ல வேண்டும். முன்னால் ஒரு முழு அச்சு, பின்னால் ஒரு முழு அச்சு, இரண்டையும் தாங்க அடுக்கடுக்கான ஸ்பிரிங் தட்டுகள். ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றச் சக்கரமும் சாயும். 1945இல் வந்த எம்.ஜி. டி.சி. என்ற புகழ்பெற்ற இரட்டை இருக்கை ஸ்போர்ட்ஸ் காரும் இந்த அமைப்பில்தான் ஓடியது. பத்தொன்பது அங்குலக் கம்பிச் சக்கரம், நீண்ட போனட், கீழே குதிரைவண்டியின் வில். அடுத்து வந்த டி.டி.யில் முன் சக்கரங்கள் தனித்தனியே சுருள் வில்லில் அசையத் தொடங்கின. சக்கரமும் பதினைந்து அங்குலத்துக்குக் குறுகியது. ஓட்டுவதற்கு எவ்வளவோ மேல். ஆனாலும் 'இது பழைய எம்.ஜி. போல் இல்லை' என்று முகம் சுளித்தவர்கள் அப்போதே இருந்தார்கள். பழைய கார்ப் பிரியர்களின் நோய் பழையதுதான்.

1934இல் நுவரெலியாவின் மகாகஸ்தொட்ட தோட்டத்துப் பாதையில் மலையேற்றக் கார்ப் பந்தயம் தொடங்கியது. ஆசியாவின் பழைமையான மோட்டார் பந்தயங்களில் ஒன்றாக இன்றும் அதைச் சொல்வார்கள். ஏப்ரல் வசந்தகாலத்தில் நுவரெலியா நிரம்பி வழியும். ரதல்லவிலும் இன்னொரு மலையேற்றம் நடக்கும். மலையேற்றத்தில் ஓட்டிகள் ஒருவரையொருவர் துரத்துவதில்லை. ஒருவர்பின் ஒருவராகத் தனியே மேலே போக வேண்டும், கடிகாரம் தீர்ப்புச் சொல்லும். பாதை தோட்டத்துப் பாதை: ஒடுக்கம், பக்கத்தில் கான், நடுவில் மேடு, நிழலில் பாசி. இங்கே குதிரைசக்தி பாதி வேலைதான் செய்யும். மீதி வேலை, சக்கரம் தரையை விடாமல் பிடித்துக்கொள்வது.

இதே போன்ற மலையேற்றங்களில் இங்கிலாந்தில் கார் ஓட்டியவர் அலெக் இசிகோனிஸ். 1930களில் நண்பர் ஜோர்ஜ் டௌசனுடன் சேர்ந்து இறப்பர் வில் வைத்த ஒரு சிறிய பந்தயக் காரைச் சொந்தக் கையால் கட்டினார். அவரே வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. முன்னால் முறுக்குக் கம்பி வில், துல்லியமான ராக் அன்ட் பினியன் ஸ்டியரிங். வைத்தியர்களும் பாடசாலை அதிபர்களும் ஓட்டிய இந்தச் சாதுவான கார் வளைவில் பல ஸ்போர்ட்ஸ் கார்களை வெட்கப்பட வைத்தது. 1958இல் ஒஸ்டின்-ஹீலி ஸ்பிரைட் வந்தபோது அதன் ஸ்டியரிங் மைனருடையது, முன் வில்லமைப்பு ஒஸ்டின் ஏ-35 உடையது. விளையாட்டுக் கார் என்று ஊர் பார்த்து வியந்ததன் பாதி உடம்பு வீட்டுக் கார். இலங்கைக் கராஜ்களுக்கு இதைவிட நல்ல செய்தி வேறென்ன?

பந்தயத்துக்கு இன்னொரு பள்ளிக்கூடமும் இருந்தது. இரண்டாம் உலகப் போருக்காகக் களுத்துறைக்கு அருகே போடப்பட்ட கட்டுக்குருந்த விமான ஓடுபாதை, போர் முடிந்தபின் பந்தயத் திடலானது. சென்னைக்கு வடக்கே சோழவரமும் அப்படித்தான்: போர்க்கால ஓடுபாதை, பிறகு மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயக்களம். ஓடுபாதை சமதரை. அங்கே வில்லை இறுக்கி, காரைத் தரையோடு தாழ்த்தினால் பலன் கிடைக்கும். அதே காரை பெரகலயிலிருந்து அப்புத்தளைக்கு ஏற்றினால் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரம் துள்ளும். காற்றில் இருக்கும் சக்கரத்துக்கு ஸ்டியரிங்கும் தெரியாது, பிரேக்கும் தெரியாது. பழைய காரின் வில்லை மேம்படுத்துவது பற்றிய பேச்சில் இன்றும் ஓடுபாதைக்காரர்களின் குரலே ஓங்கிக் கேட்கிறது. ஊவாவுக்கு உரிய பாடம் மலைக்காரர்களுடையது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எம்.ஜி.யின் பிற்கால ஸ்போர்ட்ஸ் காரான எம்.ஜி.பி. ஏறத்தாழ 900 கிலோ என்று கொள்வோம். இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.25 மீட்டர், எடையின் மையம் தரையிலிருந்து சுமார் அரை மீட்டர். 20 மீட்டர் ஆரமுள்ள ஒரு கொண்டையூசி வளைவை மணிக்கு 36 கிலோமீட்டரில் எடுத்தால், பூமியின் ஈர்ப்பில் பாதியளவு விசை பக்கவாட்டில் இழுக்கும். அப்போது உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு 180 கிலோ எடை இடம் மாறும். ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கினாலும் இந்த 180 பெரிதாகக் குறையாது. உடம்பு சாய்வது குறையும், எடை மாறுவது மாறுவதுதான். காரை இரண்டு சென்டிமீட்டர் தாழ்த்தினால்? 180 என்பது 173 ஆகும். ஏழு கிலோ மிச்சத்துக்காகச் சுருள் வில்லை வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். எட்டுச் சுற்றில் ஒன்றை வெட்டினால் வில் ஏழில் ஒரு பங்கு கடினமாகிவிடும், அசையும் தூரமும் குறையும். பள்ளத்தில் விழும்போது இறப்பர்த் தடுப்பில் போய் முட்டும். வளைவின் நடுவில் அது நடந்தால், அந்த நொடியில் அந்தக் காருக்கு வில்லே கிடையாது.

வில்லமைப்பின் வடிவமே வினையாவதும் உண்டு. 1959இன் ட்ரையம்ப் ஹெரல்டுக்கும் அதிலிருந்து 1962இல் பிறந்த ஸ்பிட்பயர் ஸ்போர்ட்ஸ் காருக்கும் பின் சக்கரங்கள் ஊசலாடும் அரை அச்சுகளில் தொங்கின. வளைவில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது பயந்து அக்சிலேட்டரை விட்டால் பின்பகுதி எழும், வெளிச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கப் பார்க்கும். இதே ரகக் குறைக்காக அமெரிக்காவில் ஷெவர்லே கோர்வேரை ரால்ப் நேடர் 1965இல் புத்தகம் போட்டுச் சாடினார். சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புரொடக்ட்ஸ் நிறுவனம் ஹெரல்டை 1961 முதல் தயாரித்தது. 1972இல் அதைக் கெசல் என்று மாற்றி விட்டபோது அந்த ஊசல் அச்சைக் கழற்றிவிட்டு, நம் வீதிகளுக்குத் தாங்கும் முழு அச்சும் தட்டு ஸ்பிரிங்கும் போட்டுவிட்டார்கள். காகிதத்தில் அது பின்னடைவு. மலைப்பாதையில் முன்னேற்றம். ட்ரையம்ப் நிறுவனமோ ஸ்பிட்பயரின் குறுக்கு வில்லை 1970 வாக்கில் மாற்றியமைத்து அதே நோய்க்கு மருந்து தேடியது.

இலங்கையில் 1960களிலிருந்து கார் இறக்குமதி இறுகியது. 1970களின் முதற்பாதியில் கதவு ஏறக்குறைய அடைபட்டது. 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாகி, வெள்ளைத் துரைமார் கப்பலேறினார்கள். அவர்களுடைய கார்கள் இங்கேயே தங்கின. ஒரு வில் உடைந்தால் இங்கிலாந்துக்குக் கடிதம் எழுதும் காலம் போயிற்று.

அப்போதுதான் மலைநாட்டுக் கராஜ் பாஸ்மாரின் கை ஓங்கியது. தளர்ந்த ஸ்பிரிங் தட்டுகளைப் பிரித்து, கொல்லன் பட்டறையில் காய்ச்சி அடித்து, வளைவேற்றி மறுபடி கட்டுவார்கள். எத்தனை விரற்கடை வளைவு என்று கண்ணால் அளப்பார்கள். சுமை கூடுதல் என்றால் லொறித் தட்டு ஒன்றை அளவாக வெட்டி அடுக்கில் சேர்ப்பார்கள். தேய்ந்த இறப்பர் புஷ்ஷுக்குப் பதில் கடைசல் பட்டறையில் கடைந்த பித்தளை புஷ் வரும்; அதுவும் இல்லையென்றால் பழைய டயரிலிருந்து வெட்டிய துண்டு. முற்றாக உடைந்த தட்டும் வீண்போவதில்லை. அந்த எஃகு கத்திக்கு உகந்தது. நெடுஞ்சாலையில் ஓய்வுபெற்ற ஸ்பிரிங் கவ்வாத்துக் கத்தியாகித் தேயிலைச் செடியில் இரண்டாம் பிறவி எடுக்கும்.

இந்தக் கைவித்தை கடல் கடந்தும் மதிக்கப்பட்டது. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வேர், 1990களில் மைனருக்கான உதிரிப்பாகங்களை இலங்கையில் செய்வித்து வரவழைத்தார். மைனரை உருவாக்கிய நாடு, அதைச் சாகவிடாத நாட்டிடம் தகடு வாங்கியது.

அந்தக் கராஜ்களில் அதிகம் கைபட்ட உறுப்பு ஒன்றைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும்: லீவர் ஆர்ம் சொக் அப்சோபர். இன்றைய சொக் நீளக் குழாய். இதுவோ கைப்பிடியளவு இரும்புப் பெட்டி, அதிலிருந்து வெளியே நீளும் ஒரு கை. சக்கரம் ஏறி இறங்க அந்தக் கை அசையும், உள்ளே இரண்டு பிஸ்டன்கள் எண்ணெயைச் சிறு துளை வழியே தள்ளும், அந்தத் தடைதான் துள்ளலை அடக்கும். வருடங்கள் போகப்போக எண்ணெய் கசியும். பெட்டிக்கு மேல் ஈரமாகக் கறுத்த புழுதி அப்பியிருந்தால் நோய் அதுதான். வளைவு முடிந்த பிறகும் கார் தொட்டில் போல் ஆடும். ஓட்டுபவர் ஸ்பிரிங் செத்துவிட்டது என்று முடிவுகட்டி இறுக்கமான புது ஸ்பிரிங் போடுவார். அடக்க ஆளில்லாத இடத்தில் இன்னும் முரட்டு மாடு.

குழாய் சொக் மாற்றுவதும் நினைப்பதுபோல் எளிதில்லை. மொறிஸ் மைனரிலும் எம்.ஜி.பி.யிலும் முன்பக்க லீவர் ஆர்ம்தான் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மேல் கையும்கூட. அதைக் கழற்றி எறிந்தால் சக்கரம் நிற்க இடமில்லை. அதனால் பழைய பெட்டியை வெறும் கீலாக வைத்துக்கொண்டு, பக்கத்தில் புதிய தாங்கி ஒட்டிக் குழாய் சொக்கைப் பொருத்துவது வழக்கம். ஒட்டும் இடத்தில் துருப்பிடித்த தகடு இருந்தால் மலைப்பாதை அதை ஒரே பருவமழையில் காட்டிக்கொடுத்துவிடும்.

1977இல் பொருளாதாரம் திறந்ததும் ஜப்பானிய வாகனங்கள் வெள்ளமாக வந்தன. பழைய பிரித்தானியக் கார்கள் கொட்டகைக்குள் போயின, கைதேர்ந்த பாஸ்மாரின் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போனார்கள். பிறகு சரித்திரம் ஒரு சுற்று சுற்றி வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் தளர்ந்தது. ஏறத்தாழ ஐந்து வருடம் இலங்கையர் மறுபடியும் கையிலிருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டினார்கள்.

பெரகலயிலிருந்து அதிகத் தொலைவில்லாத தியத்தலாவையில், எச்.எம்.எஸ். பொக்ஸ் கப்பலின் மாலுமிகள் மலைச்சரிவில் வெள்ளையாக வரைந்த நரி இன்னும் இருக்கிறது. அந்த பொக்ஸ் ஹில்லில் ஐந்து வருட இடைவெளிக்குப் பின் 2024 ஏப்ரல் 21இல் நடந்த பந்தயத்தில் கார் ஒன்று தடம் விலகிப் பார்வையாளர்மேல் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். ஒருவர் எட்டு வயதுச் சிறுமி. கார் தரையைப் பிடித்திருக்கும் திறனைப் பற்றி எழுதும் எவரும் அந்த நாளைத் தாண்டிப் போக முடியாது. பிடிக்கு எல்லை உண்டு. எந்த ஸ்பிரிங்கும் அந்த எல்லையை ஒழிப்பதில்லை, கொஞ்சம் தள்ளிவைக்கிறது.

ஊவாவில் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு வளைவில் நன்றாக ஓட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் எதில் கைவைக்க வேண்டும்? முதலில் புஷ்கள். பொலியூரிதேன் புஷ் இப்போது கிடைக்கிறது. கெட்டியானது, நீடிக்கும், ஆனால் பள்ளங்களை முதுகெலும்புக்கு அறிவிக்கும். மலைக்கு நல்ல இறப்பரே போதும். அடுத்து சக்கர சீரமைப்பும் நல்ல ரேடியல் டயரும். பழைய காருக்கு இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் முன்னேற்றம் வேறில்லை. சாய்வு இன்னும் உறுத்தினால் முன்னால் சற்றே தடித்த ஆன்டி-ரோல் பார். ஸ்பிரிங்கை இறுக்குவதும் காரைத் தாழ்த்துவதும் கடைசி, பெரும்பாலும் தேவைப்படாது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. காரின் மூலையைக் கையால் அழுத்திவிட்டுப் பாருங்கள். இரண்டு தடவைக்கு மேல் ஆடினால் சொக்கில் எண்ணெய் இல்லை. லீவர் ஆர்ம் பெட்டியின் எண்ணெய் மூடி மேல்பக்கம்தான் இருக்கும். அதைத் திறக்க ஒரு ஸ்பேனர் போதும்.