தற்காலிக இல்லம்

வண்டி மோதிப் பின்னங்கால் நொறுங்கிச் சாலையோரத்தில் கிடக்கும் தெருநாய் ஒன்றை ஒருவர் மீட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கால்நடை மருத்துவர் கட்டுப் போட்டு அனுப்பிய பிறகும், அந்த நிலையில் அதைத் தெருவில் விட அவருக்கு மனம் வரவில்லை. எலும்பு கூடும்வரை தம் வீட்டிலேயே ஒரு மூலையில் இடம் கொடுத்துப் பேணுகிறார். அது அவருடைய நாயன்று. குணமானதும் வேறொருவர் வீட்டுக்கோ, தான் பிறந்த தெருவுக்கோ போய்விடும். இதைக் காணும் அண்டை வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மனிதருக்கே வழியில்லாத நாட்டில் நாய்க்கு வைத்தியமா?"

இக்கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஏழையின் முகத்தில் இறைவனைக் காணுமாறு பணிக்கப்பட்ட நமக்கு அது மனச்சான்றின் கேள்வியுமாகும். ஆயினும் அது புதிய கேள்வியன்று. நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுந்தது. வரலாறு அதற்கு எதிர்பாராத ஒரு விடையையும் தந்திருக்கிறது.

1860-ஆம் ஆண்டு. இலண்டன் மாநகரின் ஹாலோவே பகுதியில் மேரி டீல்பி என்னும் பெண்மணி வாழ்ந்து வந்தார். கணவரைப் பிரிந்தவர், ஏறத்தாழ அறுபது வயதினர், பெருஞ்செல்வமோ செல்வாக்கோ இல்லாதவர். அவருடைய தோழி ஒருவர் தெருவில் பட்டினியால் சாகக் கிடந்த நாய் ஒன்றைத் தம் வீட்டுச் சமையலறைக்குக் கொண்டுவந்தார். இருவரும் அதற்குப் பணிவிடை செய்தனர். நாய் பிழைக்கவில்லை. ஆனால் அந்த இறப்போடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. அடுத்தடுத்து நாய்கள் வந்தன. சமையலறை போதாமற் போயிற்று. அருகிலிருந்த குதிரைக் கொட்டில் ஒன்று அவற்றின் புகலிடமாயிற்று. அதற்கு அவர்கள் இட்ட பெயர், 'காணாமற் போனவையும் பட்டினி கிடப்பவையுமான நாய்களுக்கான தற்காலிக இல்லம்' என்பதாகும். 'தற்காலிக' என்ற சொல்லில் அவர்களுடைய நோக்கம் முழுவதும் அடங்கியிருந்தது. சொந்தமாக்கிக் கொள்வதற்கன்று, காப்பாற்றிக் கையளிப்பதற்கே அந்த இல்லம் எழுந்தது.

இலண்டனின் பெருமைக்குரிய நாளிதழான 'தி டைம்ஸ்' இம்முயற்சியை எள்ளி நகையாடியது. அந்த ஏளனத்திற்கும் ஒரு காரணம் இருந்தது. அன்றைய இலண்டன் தெருக்களில் நாய்களைப் போலவே குழந்தைகளும் பசியோடு திரிந்தனர். மேலும், வெறிநாய்க்கடிக்கு அந்நாளில் மருந்தே கிடையாது. லூயி பாஸ்டர் தம் தடுப்பூசியை முதன்முதலில் ஒரு சிறுவனுக்குச் செலுத்தியது 1885-இல்தான். எனவே, தெருநாயைத் தொட்டுத் தூக்கியவர்கள் உயிரச்சத்தோடுதான் தூக்கினர். ஏளனத்தையும் அச்சத்தையும் தாங்கியே அந்த இல்லம் நிலைத்தது. மேரி டீல்பி 1865-இல் மறைந்தார். 1871-இல் இல்லம் பாட்டர்சி பகுதிக்கு இடம் மாறியது; இன்றளவும் அங்கே இயங்கி வருகிறது.

இனி, இவ்வாறு விலங்குகளுக்கு இரங்கியவர்கள் மனிதரை மறந்தார்களா என்று பார்ப்போம்.

அமெரிக்காவில் 1866-இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவியவர் ஹென்றி பெர்க். 1874-இல் எட்டா வீலர் என்ற மெத்தடிஸ்டு சபைச் சமூகப் பணியாளர் அவரிடம் உதவி நாடி வந்தார். நியூயார்க் நகரில் வளர்ப்புத் தாயின் கையில் அடியும் பட்டினியுமாக வதைபட்ட மேரி எல்லன் என்ற சிறுமியை மீட்க அந்த அம்மையார் பல கதவுகளைத் தட்டிப் பார்த்தும் பயன் விளையவில்லை. பெர்க் தம் சங்கத்தின் வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் ஜெரியைக் கொண்டு வழக்குத் தொடுத்தார். விலங்கு என்று கூறித்தான் அச்சிறுமி மீட்கப்பட்டாள் எனப் பரவலாகச் சொல்லப்படும் கதை உண்மையன்று. பெர்க் ஒரு குடிமகனாகவே நீதிமன்றத்தை அணுகினார். வதைத்தவள் தண்டிக்கப்பட்டாள். எட்டா வீலரின் குடும்பத்தாரே மேரி எல்லனை ஏற்று வளர்த்தனர். அவர் மணம்புரிந்து, மக்களைப் பெற்று, 1956-இல் முதுமையெய்தி மறைந்தார். அவருடைய வழக்கின் விளைவாக, 1874-ஆம் ஆண்டின் இறுதியில் குழந்தைவதைத் தடுப்புச் சங்கம் ஒன்று நியூயார்க்கில் பிறந்தது.

அச்சங்கத்தை நேரில் கண்டு திரும்பிய வணிகர் தாமஸ் ஆக்னியூ, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலும் அத்தகையதொன்றை அமைக்க விரும்பினார். அங்கே நடந்தது இன்னும் வியப்பானது. நாய்களுக்கு ஓர் இல்லம் வேண்டி விலங்குவதைத் தடுப்புச் சங்கம் கூட்டிய கூட்டத்தில், அதே வேண்டுகோள் குழந்தைகளுக்காகவும் விரிவாக்கப்பட்டது. கொடுமையைத் தடுக்கக் கூடியவர்கள் குழந்தைகளுக்கு மட்டும் கதவை அடைப்பதெப்படி என்ற உணர்வே அங்கே மேலோங்கியது. 1883-இல் லிவர்பூலிலும், 1884-இல் இலண்டனிலும் குழந்தைகளைக் காக்கும் சங்கங்கள் எழுந்தன.

இலண்டன் சங்கத்தின் தொடக்க முயற்சிகளில் துணைநின்றவர்களுள் ஒருவர் கத்தோலிக்கப் பேராயரான கர்தினால் மானிங். உயிருள்ள விலங்குகளை அறுத்துச் செய்யும் ஆய்வுகளை எதிர்த்த சங்கத்திலும் அவர் முன்னணியில் நின்றார். 1889-இல் இலண்டன் துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது, எண்பது வயதைத் தாண்டிய நிலையிலும், இரு தரப்பாருக்குமிடையே நடந்து சமரசம் கண்டவரும் அவரே. நாய்க்காகவும் குழந்தைக்காகவும் கூலியாளுக்காகவும் துடித்தது ஒரே இதயம். அவ்வாண்டிலேயே, பெற்றோரின் கொடுமையிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் சட்டம் இங்கிலாந்தில் நிறைவேறியது. கால்நடைகளைக் காக்கும் சட்டம் 1822-இலேயே வந்துவிட்டது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். இடையே 67 ஆண்டுகள்! விலங்குக்கு இரங்கப் பழகிய சமுதாயம், பிள்ளையின் அழுகையையும் மெல்ல மெல்லக் கேட்கத் தொடங்கிற்று எனலாம். இறைத்த கிணறு ஊறும் என்பது நம் முன்னோர் வாக்கு. கருணைக்கும் அது பொருந்தும்.

திருச்சபையின் நினைவிலும் நாய்க்கு இடமுண்டு. செல்வரின் வாயிலில் கிடந்த இலாசரின் புண்களை நக்கியவை நாய்கள் என்று லூக்கா நற்செய்தி சொல்கிறது. கொள்ளைநோயாளிகளுக்குத் தொண்டு செய்த புனித ரோக், தாமே நோயுற்றுக் காட்டில் ஒதுங்கியபோது, நாயொன்று நாள்தோறும் அப்பம் கொண்டுவந்து அவரைக் காத்தது என்பது மரபு. அதனாலேயே தொடையில் புண்ணோடும் அருகில் நாயோடும் அவருடைய உருவம் வடிக்கப்படுகிறது. 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு இருபுறமும் சீர்தூக்கிப் பேசுகிறது. விலங்குகளை வீணாகத் துன்புறுத்துவது மனித மாண்புக்கு எதிரானது. அதே வேளையில், மனிதத் துயரைத் தீர்க்க முதலில் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்காகச் செலவிடுவதும் தகாது என்று அது கற்பிக்கிறது. அண்டை வீட்டாரின் கேள்விக்கு இங்கே உரிய மதிப்பு அளிக்கப்படுகிறது. நாய்க்குக் கட்டுப் போடும் கை ஏழைக்கும் நீள்கிறதா என்று நாம் நம்மையே சோதித்துக்கொள்ளவும் வேண்டும்.

நம் நாட்டில், சென்னையில் 1959-இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு இத்தொண்டில் முன்னோடி. 1960-இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. தெருநாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என 2001-இல் விதிகள் வகுக்கப்பட்டன. 2023-இல் அவை புதுப்பிக்கப்பட்டன. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம் முதலிய வளாகங்களில் பிடிக்கப்படும் நாய்களை மீண்டும் அங்கே விடலாகாது என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. கடிபட்ட குழந்தைகளின் துயரமே அவ்வழக்கின் பின்னணி. அத்துயரத்தை மறந்து பேசுவது கருணையாகாது.

ஆதலால், அடைக்கலம் கொடுப்போர் விழிப்போடும் இருத்தல் வேண்டும். வலியில் துடிக்கும் நாய் தன்னைக் காப்பவரையே கடிக்கக்கூடும். சிறு பிள்ளைகளும் பிற வளர்ப்பு விலங்குகளும் நெருங்காத அமைதியான இடமே அதற்கு ஏற்றது. கடியோ கீறலோ பட்டால், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் புண்ணைக் கழுவி, தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அறிகுறி தோன்றியபின் இந்நோயிலிருந்து பிழைப்பது மிக மிக அரிது. குன்னூரில் 1907-இல் தொடங்கப்பட்ட பாஸ்டர் நிறுவனத்தின் காலந்தொட்டு நம் மண்ணில் தடுப்பு மருந்து கிடைத்து வருகிறது. மேரி டீல்பிக்கு அந்தத் துணையும் இருந்ததில்லை.

அடைக்கலப் பணியில் கடினமான நாள், உண்மையில், இறுதி நாளே. நடக்கக் கற்ற நாயைப் பிறர் கையில் ஒப்படைக்க வேண்டும். 'என்னுடையது' என்று சொல்லிக்கொள்ள எதுவும் எஞ்சாது. மீட்ட நாய் இறந்தபோதும் மேரி டீல்பி அடுத்த நாய்க்குக் கதவைத் திறந்தார். தம் இல்லம் பாட்டர்சியில் வேரூன்றியதை அவர் கண்ணால் காணவில்லை. அதே கருணையின் வழியில் பின்னர்க் குழந்தைகளுக்கும் கதவுகள் திறந்ததை அறியவுமில்லை. விளைவைக் காணாமலே விதைத்துவிட்டுப் போகும் இத்தகைய எளியோரின் கைகளைக் கொண்டே இறைவன் தம் பணியை நடத்துகிறார் போலும்.