கப்பலேறி வந்த மனைவிமார்

நம் முன்னோர் மலாயா வந்த வரலாற்றைச் சொல்லும்போது கடை வைத்ததையும் பள்ளிவாசல் கட்டியதையும் சொல்கிறோம். அவர்களுடைய மனைவிமார் எப்போது வந்தார்கள், சிலர் ஏன் கடைசிவரை வரவேயில்லை என்பதைச் சொல்வதில்லை. ஒரு குடும்பத்தில் பாட்டியின் கபுர் பேராக்கிலும், இன்னொரு குடும்பத்தில் ஊரிலும் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கடல் அல்ல. சட்டமும் அது வந்த ஆண்டும்தான்.

1953 வரை சொந்தச் செலவில் வரும் இந்தியருக்குத் தடையில்லை. 1947 வரை இரு நாடுகளும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தன. நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கி, பிறையில் ரயில் பிடித்தால் தைப்பிங், கோலகங்சார், சுங்கை சிப்புட் தாண்டி தஞ்சோங் ரம்புத்தான் நிலையம். 1926இல் ஓடத் தொடங்கிய 'ரஜூலா' கப்பலை அறியாத குடும்பம் நம்மில் குறைவு.

வழி திறந்திருந்தும் பெண்கள் அதிகம் வரவில்லை. 1931 குடிக்கணக்கில் மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. இராமநாதபுரம், தஞ்சாவூர்க் கரையோரத்துச் சபராளிகள் கடையிலேயே படுத்து, உண்டியலில் பணம் அனுப்பி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் போனார்கள். கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து நெசவாளர் குடும்பங்கள் பலவும் மனைவி மக்களோடு வந்தன. 1941 டிசம்பரில் போர் வந்தபின் கப்பலும் கடிதமும் நின்றன. கணவன் உயிரோடு இருக்கிறாரா என்று தெரியாமலே ஊரில் நான்கு ஆண்டுகள் கழிந்தன.

1953 ஆகஸ்ட் 1ஆம் தேதி புதிய குடிநுழைவுச் சட்டம் நடப்புக்கு வந்தது. புதிதாக வேலை தேடி வருவோருக்குக் கதவு ஏறக்குறைய மூடியது. இங்கு சட்டப்படி வசித்தவரின் மனைவிக்கும் வயது வராத பிள்ளைகளுக்கும் இடம் விட்டது. அதுவரை ‘அடுத்த சபரில் பார்க்கலாம்’ என்றிருந்தவர்கள் அவசரமாகப் பெர்மிட் எழுதினார்கள். 1959இல் சட்டம் மேலும் இறுகியது. கணவரைப் பிரிந்து நெடுங்காலம் ஊரிலேயே இருந்த மனைவிக்கும், சிறு வயதைக் கடந்த பிள்ளைக்கும் வழி அடைபட்டது. ஒரே தாயின் பிள்ளைகளில் ஒருவர் மலேசியராகவும் மற்றவர் இந்தியராகவும் ஆன குடும்பங்கள் இப்படித்தான் உருவாயின.

பிறகு 1968இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாத சிவப்பு ஐ.சி.க்காரர்கள் வேலை பார்க்கவே பெர்மிட் வேண்டியதாயிற்று. அது கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் ஊர் திரும்பினார்கள். 1973இல் ரஜூலா ஓய்வு பெற்றது. அதன் இடத்துக்கு வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தபின் கடல்வழிப் பயணம் முடிந்தது.

இன்றும் ஊரில் பெண்ணெடுப்போர் உண்டு. வந்த மனைவிக்குக் கணவர் பொறுப்பேற்க, முதலில் நீண்டகாலச் சமூக வருகைப் பாஸ் கிடைக்கும். அதைத் தவறாமல் புதுப்பிக்க வேண்டும். பல ஆண்டுகளுக்குப் பின்னரே நிரந்தரவாசத்துக்கு மனு. குடிமகனின் மனைவி இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இங்கு வசித்து, நன்னடத்தையோடு இருந்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு. நடைமுறையில் அதற்கு நீண்ட காலம் பிடிக்கிறது. நம் பெண்பிள்ளை ஊர் மாப்பிள்ளையை மணந்தால், அவருக்கு இந்த 15ஆம் பிரிவின் வழி இல்லை. சம்பந்தம் பேசும்போதே இரு வீட்டாரும் இதை அறிந்திருப்பது நல்லது.

அன்றும் இன்றும் குடும்பத்தைச் சேர்த்து வைப்பது காகிதம்தான். ஊரில் நடந்த நிக்காஹை ஜமாஅத் பதிவேட்டோடு விட்டுவிடாமல், ஆறு மாதத்துக்குள் இங்குள்ள சமய இலாகாவிலும் பதிய வேண்டும். பாஸ்போர்ட்டிலும் நிக்காஹ் சான்றிலும் பெயரின் எழுத்து ஒன்றுபோல் இருக்கட்டும். ஒரு எழுத்து மாறினாலும் அலைச்சல் வரலாம்.

வீட்டுப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட்டோ மறுநுழைவுப் பெர்மிட்டோ கிடந்தால் எறிந்துவிடாதீர்கள். பாட்டிமார் இருக்கும்போதே எந்த ஆண்டு, எந்தக் கப்பலில், எத்தனை பிள்ளைகளோடு வந்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். ஊரில் விட்டு வந்த பிள்ளையின் பெயரையும் கேளுங்கள். நம் வரலாற்றில் இன்னும் எழுதப்படாத பக்கம் அது.