ஒன்றரைக் குன்றிமணி மருந்து

உருண்டை முனை ஈயக்குண்டு காகிதத்தைக் கிழித்துக்கொண்டுதான் போகும். கிழிந்த நார் மறுபடி உள்ளே மடங்கிக்கொள்ள, ஓட்டை குண்டின் பருமனைவிடச் சின்னதாகத் தெரியும். வளையத்தின் கோட்டைக் குண்டு தொட்டிருந்தாலே மேல் மதிப்பெண் என்பது போட்டி விதி. தொட்டதா இல்லையா என்று மதிப்பெண் போடுகிறவரோடு மல்லுக்கு நிற்பதிலேயே அந்தக் காலத்து ரிவால்வர் போட்டிகளில் பாதிப் பொழுது போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தச் சண்டைக்கு முடிவு கட்ட வந்தது வாட்கட்டர். முகம் தட்டை, பக்கம் நேர். மொத்தத்தில் ஓர் ஈய உருளை. காகிதத்தில் பிசிறில்லாத வட்டம் விழும். காற்றைக் கிழித்துப் போக இதைவிட மோசமான உருவம் கிடையாது. ஆனால் 25 கஜம், மிஞ்சினால் 50 கஜம் போனால் போதும் என்னும்போது யாருக்குக் கவலை?

நான் கோயம்புத்தூரில் டூல்ரூம் வேலை பழகியவன். இப்போது கனெக்டிகட்டில் குடியிருக்கிறேன். இந்த மாநிலத்து நியூ ஹேவனில்தான் ஜான் பார்லோ என்பவர் 1884இல் ஐடியல் கம்பெனியைத் தொடங்கினார். சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்ள அச்சு, கரண்டி, கைக்கருவி எல்லாம் செய்து விற்ற கம்பெனி அது. 1910இல் மார்லின் கைக்குப் போய், 1925இல் லைமன் வாங்கியது. ஐடியலின் கைக்கருவி ஒன்று பழைய சாமான் சந்தையில் எனக்குக் கிடைத்தது. பார்ப்பதற்குப் பாக்குவெட்டி மாதிரி இருக்கும். கூட்டின் அடியில் பொறி தரும் பழைய பிரைமரைத் தட்டி எடுப்பது, புதியதை அழுத்துவது, குண்டை உட்காரவைத்து விளிம்பை மடிப்பது எல்லாமே அந்த இரண்டு பிடிகளுக்கு நடுவில்தான். ஒரு தடவைக்கு ஒரு கூடு. உள்ளங்கை வலிக்கும். ஆனால் அதன் திருகுகளின் கடைசல் வேலையைப் பார்த்தால், செய்தவர் தொழில் தெரிந்தவர் என்று நான் சத்தியம் செய்வேன்.

குண்டு வார்ப்பது தனிக் கலை. அச்சு சூடேறும்வரை வருகிற குண்டுகள் எல்லாம் சுருக்கம் விழுந்திருக்கும். அவை மறுபடி உருக்குச் சட்டிக்கே போகும். சூடு பிடித்த பிறகு, மேல்தட்டைத் தட்டினால் வழிந்து உறைந்த ஈயம் துண்டாகும். அச்சைத் திறந்தால் பளபளவென்று ஒன்று மடித்த துணிமேல் விழும். எடை 148 கிரெயின், அதாவது 9.6 கிராம். ஒரு பவுண்டு ஈயத்துக்கு 47 குண்டு. ஈயத்தைக் கடினமாக்க அச்சகத்து லைனோடைப் உலோகத்தைக் கொஞ்சம் கலப்பார்கள். அதில் 12 சதவீதம் ஆண்டிமனி, 4 சதவீதம் வெள்ளீயம். அச்சுக் கோப்பது ஒழிந்ததும் அந்த உலோகம் மலிவாகக் கிடைத்தது. இப்போது அதுவும் அரிது. குண்டின் பள்ளங்களில் பூச, தேன்மெழுகும் ஆலாக்ஸ் என்ற மசகும் பாதிக்குப் பாதி. அந்த மணம் சட்டையை விட்டுப் போக இரண்டு சலவை ஆகும்.

இனி கூட்டுக்குள் இருக்கிற விசித்திரம். இந்தக் குண்டு உட்காரும் .38 ஸ்பெஷல் தோட்டாவை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கிக் கம்பெனி வடிவமைத்தது 19ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில். அப்போது கருமருந்துக் காலம் இன்னும் போகவில்லை. சுமார் 21 கிரெயின் கருமருந்து பிடிக்கிற அளவுக்குக் கூட்டை நீளமாக வைத்தார்கள். அதே சமயத்தில், 1898இல், லாஃப்லின் அண்ட் ராண்ட் கம்பெனி புல்ஸ்ஐ என்ற புகையில்லா மருந்தைக் கொண்டுவந்தது. இலக்குச் சுடுவதற்கு இதில் 2.7 கிரெயின் போதும் என்பது காலப்போக்கில் எல்லாரும் ஒப்புக்கொண்ட அளவாயிற்று. நம் தட்டான் கணக்கில் சொன்னால் ஒன்றரைக் குன்றிமணி. ஒரு பவுண்டு மருந்து வாங்கினால் 2,500 தோட்டாவுக்கு மேல் வரும். மீதி இடம் வெறுமையாகக் கிடக்க, அதில் வாட்கட்டர் வாய்வரை இறங்கி உட்கார்ந்துகொண்டது. வெளியே தலையே நீட்டாத தோட்டா அப்படிப் பிறந்தது.

இந்தக் காலியிடம்தான் எமனாகவும் ஆனது. மருந்தை மறதியாக இரண்டு தடவை, ஏன் மூன்று தடவை போட்டாலும் கூடு நிரம்பி வழியாது. மேலே குண்டு உட்கார்ந்துவிட்டால் கண்ணுக்கும் தெரியாது. ரிவால்வரின் உருளை பிளந்துபோன கதைகள் ஏராளம். குறைந்த மருந்து நீளக் கூட்டில் விபரீதமாக வெடிக்கும் என்று ஒரு கட்சி கிளம்பி, பத்திரிகைகளில் வருஷக்கணக்கில் வாதாடினார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் மருந்து போடும் லீவரை இழுத்தவனைத்தான் நான் சந்தேகிப்பேன்.

1930களின் பணமுடையில் அமெரிக்கக் காவல் துறைகளும் தோட்டா நிரப்பும் இந்த வேலைக்கு வந்தன. போலீஸ்காரர் குறி பழக வேண்டும். புதுத் தோட்டா வாங்கக் கையில் காசில்லை. சான் டியேகோவின் ஸ்டார் இயந்திரம் கை கொடுத்தது. லீவரை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா முழுசாக விழும். பித்தளைக் கூடு காசு என்பதால், சுட்டு முடித்ததும் குனிந்து பொறுக்கிப் பெட்டியில் போடுவது ஒழுக்கமாகவே கற்பிக்கப்பட்டது.

அந்த ஒழுக்கத்துக்கு ஒரு கறுப்புப் பக்கம் உண்டு. 1970 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் நியூஹாலில் நெடுஞ்சாலைக் காவலர் நால்வர் ஒரே மோதலில் கொல்லப்பட்டார்கள். பயிற்சியில் அவர்கள் சுட்டுப் பழகியது மெல்லிய .38; பணியில் சிலர் இடுப்பில் இருந்ததோ முரட்டு .357. இறந்தவர்களில் ஒருவர் சண்டை நடுவிலும் காலிக் கூடுகளைச் சட்டைப்பையில் போட்டார் என்று பயிற்சி வகுப்புகளில் பல ஆண்டு சொல்லிவந்தார்கள். அது பொய், அவருடைய கூடுகள் தரையில்தான் கிடந்தன. இருந்தும் அந்தப் பொய்யை இத்தனை பேர் சட்டென்று நம்பியதற்குக் காரணம், குனிந்து பொறுக்குகிற பழக்கம் அவர்களுக்கே கையில் ஊறியிருந்ததுதான். அதன்பின் எதை ஏந்துகிறோமோ அதைச் சுட்டே பழக வேண்டும் என்ற நெறி வலுத்தது; பயிற்சி மைதானத்தில் வாட்கட்டரின் செல்வாக்கு அங்கிருந்து சரிந்தது. 1980களில் காவலர்கள் ரிவால்வரையே விட்டுத் தானியங்கிக்கு மாறினார்கள்.

போட்டிக்காரர்கள் மட்டும் விடவில்லை. ஒஹையோவில் ஈரி ஏரிக்கரையில் இருக்கிற கேம்ப் பெரியில் 1907 முதல் தேசியப் போட்டிகள் நடக்கின்றன. அங்கே இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் கே-38 ரிவால்வர் கோலோச்சியது. 1961இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இன்னொரு படி போய், மாடல் 52 என்ற தானியங்கியை இந்த மொட்டைத் தோட்டாவுக்கென்றே செய்தது. ரிவால்வருக்கென்று பிறந்த, அடியில் விளிம்பு வைத்த கூட்டைத் தானியங்கிக்குள் ஏற்றுவது இயந்திரக்காரனுக்குத் தலைவலி. ஐந்து தோட்டாதான் கொள்ளும். குண்டு ஓர் இழை வெளியே நீட்டினாலும் தோட்டாப் பெட்டிக்குள் போகாது. வீம்புக்குச் செய்த வேலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் முப்பது ஆண்டு விற்றது.

ஐரோப்பியர் பிடித்துக்கொண்டது இதைவிடச் சின்ன .32 வாட்கட்டரை. உலகப் போட்டிகளில் 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில் பெரும்பாலோர் சுடுவது அதுதான். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் நம் ஜஸ்பால் ராணா 600க்கு 590 எடுத்து உலக சாதனையைச் சமன் செய்தது இந்தப் பிரிவில்தான்.

இப்போது பெரிய போட்டிகளில் காகிதத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதில்லை. மின்னணு இலக்கு குண்டு பாய்ந்த இடத்தைத் தானே கணக்கிட்டுவிடுகிறது. ஓட்டை பிசிறாக இருந்தால் என்ன, வட்டமாக இருந்தால் என்ன? ஆனாலும் சுடுவது வாட்கட்டர்தான். வால்தர் ஜிஎஸ்பி போன்ற .32 துப்பாக்கிகளின் தோட்டாப் பெட்டி அந்த மொட்டைத் தோட்டாவின் நீளத்துக்கே செய்யப்பட்டது. வேறு எதுவும் உள்ளே போகாது.