மேற்பரப்புத் தேடல் ராடார்: திருகோணமலைக் கடலின் அனுபவம்

போர்க்கப்பலின் உயர்ந்த கம்பத்தில் ஓயாமல் சுழலும் அலைவாங்கி, கடல்மட்டத்தில் உள்ள கப்பல், படகு, மிதவை, கரை ஆகியவற்றைத் தேடுகிறது. இதுவே மேற்பரப்புத் தேடல் ராடார். கப்பலைப் பாதுகாப்பாகச் செலுத்தப் பயன்படுவது வழிகாட்டும் ராடார். சிறிய கப்பல்களில் ஒரே கருவி இரண்டு வேலையையும் பார்க்கும். அனுப்பிய வானொலித் துடிப்பு எதிலாவது பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவு கணிக்கப்படுகிறது. ஒரு கடல் மைல் தொலைவிலுள்ள பொருளுக்குத் துடிப்பு போய்வர ஏறத்தாழ 12.4 மைக்ரோசெக்கன் ஆகும்.

1940இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோன் ராண்டலும் ஹரி பூட்டும் உருவாக்கிய மக்னட்ரோன், 10 சென்ரிமீற்றர் அலைநீளத்தில் வலுவான துடிப்புகளைத் தந்தது. மறு ஆண்டே பிரித்தானியக் கடற்படை 271 வகை ராடாரைக் கப்பல்களில் பொருத்தத் தொடங்கியது. இன்று 3 சென்ரிமீற்றர் அலை நுணுக்கமான படத்துக்கும், 10 சென்ரிமீற்றர் அலை மழையை ஊடுருவிப் பார்ப்பதற்கும் பயன்படுகின்றன.

எவ்வளவு சக்தியைக் கூட்டினாலும் பூமியின் வளைவு குறுக்கே நிற்கும். 20 மீற்றர் உயர அலைவாங்கியின் ராடார் அடிவானம் சுமார் 10 கடல் மைல்தான். எதிர்க் கப்பலும் உயரமானால் இன்னும் சில மைல்கள் கூடும். இந்தக் கணக்கைப் பொய்யாக்கிய புகழ்பெற்ற சம்பவம் ஒன்று திருகோணமலையிலிருந்து புறப்பட்ட கப்பல்களுக்கு நேர்ந்தது. 1945 மே 10 அன்று துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட பிரித்தானிய அணியில், கப்டன் மான்லி பவரின் தலைமையில் சோமாரெஸ், வீனஸ், வெருலம், விஜிலன்ட், விராகோ ஆகிய ஐந்து நாசகாரிகளும் இருந்தன. இலக்கு, ஜப்பானிய கனரகக் குரூசர் ஹகுரோ. மே 15 நள்ளிரவுக்கு முன்னர் வீனஸின் ராடாரில் 34 கடல் மைலுக்கு அப்பால் ஒரு புள்ளி விழுந்தது. அவ்வளவு தொலைவில் கப்பல் தெரிவது வழக்கமல்ல. வெப்பக் கடல்களின் மேல் சில வேளைகளில் வளியடுக்குகள் அலைகளைக் கடற்பரப்போடு வளைத்துச் செல்லும்போது மட்டுமே அது நிகழும். புள்ளி மறையவில்லை. நாசகாரிகள் இருளில் சுற்றிவளைக்க, மே 16 அதிகாலையில் ஹகுரோ டோர்பிடோக்களுக்கு இரையாகி பினாங்குக்கு அப்பால் மூழ்கியது.

ஆனால் ராடாருக்குப் பெரிய கப்பலைக் காண்பதைவிடச் சிறு படகைக் காண்பதே கடினம். தாழ்வான ஃபைபர் கண்ணாடிப் படகு துடிப்பைச் சொற்பமாகவே திருப்பியனுப்பும். அதையும் அலைகளின் எதிரொலி மூடிவிடும். ஈழப்போர்க் காலத்தில் விடுதலைப் புலிகளின் கடற்பிரிவான கடற்புலிகளின் வேகப் படகுகள் இலங்கைக் கடற்படையின் டோரா விரைவுத் தாக்குதல் படகுகளுக்குத் தலைவலியானதற்கு இதுவும் ஒரு காரணம். கடலுக்கடியிலோ ராடார் முற்றிலும் குருடு: 1995 ஏப்ரல் 19 அன்று கடற்புலிகளின் சுழியோடிகள் வைத்த வெடிகளால் கடற்படையின் சூரயா, ரணசுரு என்னும் இரு பீரங்கிப் படகுகள் திருகோணமலைத் துறைமுகத்துக்குள்ளேயே மூழ்கின.

துறைமுகத்தின் வடிவமும் தன் பங்குக்குத் தொல்லை தரும். குன்றுகளும் தீவுகளும் சூழ்ந்த உள்துறையில் கரையின் எதிரொலிகளே திரையை நிறைக்கும். முனைகளுக்குப் பின்னால் ராடார் நிழல் விழும். சர்வதேசப் பயணங்களில் ஈடுபடும் 300 தொன்னுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களில் 3 சென்ரிமீற்றர் ராடார் கட்டாயம். 3,000 தொன்னைத் தாண்டினால் இரண்டு வேண்டும். துறைமுகத்தை அடுத்த கொட்டியாரக் குடாவில் வலைவிரிக்கும் சிறு வள்ளங்கள் இந்த விதிக்குள் வருவதில்லை. எனவே கப்பல் நுழையும்போது ராடாரோடு கண்காணிப்பாளரின் கண்ணும் தேவை.