மறந்த கணக்கும் மறவாத வங்கியும்

சிறுதுளி பெருவெள்ளம் என்பது நம் முதியோர் வாக்கு. துளி சேர்வதைப் பற்றிப் பேசிய அவர்கள், சேர்ந்த துளி கசிந்து போவதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்களின் சேமிப்பு வரலாற்றைப் புரட்டினால், சேர்த்த கதையோடு கசிந்த கதையும் உடன்வருவதைக் காணலாம். அக்கசிவின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2019ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் ஒரு நாள் மாலை. பள்ளி விட்டு நான் புறப்படும் நேரத்தில், என் பழைய மாணவன் ஒருவனின் தாயார் அலுவலக வாயிலில் வந்து நின்றார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்ந்த கைகள். அந்தக் கைகளில் பழைய ரொட்டி டின் ஒன்று. டின்னுக்குள் தானா ராத்தா நகரிலுள்ள ஒரு வங்கியின் சேமிப்புப் புத்தகம் இருந்தது. அதன் கடைசி வரியில் 112 வெள்ளி 40 காசு என்று அச்சாகியிருந்தது. அதற்குப் பின் அவர் 20 வெள்ளி போட்டிருக்கிறார். ஆக, 132 வெள்ளி 40 காசு இருக்க வேண்டும். வங்கியில் கேட்டதற்கோ, 72 வெள்ளி 40 காசுதான் இருக்கிறது என்றார்களாம்.

“வாத்தியாரையா, போட்ட காசு குட்டி போடாவிட்டாலும் போகட்டும், தாயையே தின்னலாமா?” என்று கேட்டார்.

அக்கேள்வி என்னைப் பல ஆண்டுகள் பின்னோக்கி இட்டுச் சென்றது.

மலைக்கு வந்தவர்கள்

1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மலைப்பகுதியைக் கண்டு குறித்து வைத்தார். ஆயினும் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரே இங்கே குடியேற்றமும் பயிர்த்தொழிலும் தழைக்கத் தொடங்கின. 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். காடு திருத்தவும் கன்று நடவும் கொழுந்து பறிக்கவும் வந்தவர்களுள் பெரும்பாலோர் நம் தமிழ் மக்கள். தலையில் கூடை, காலில் அட்டை, கண்முன்னே பனிமூட்டம் – இதுவே அவர்தம் அன்றாட வாழ்க்கை.

தோட்டத்தில் பெரட்டு முதல் சம்பளம் வரை எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. எடுத்த கொழுந்தின் நிறை, வராத நாள், கடையில் வாங்கிய அரிசி, வாங்கிய முன்பணம் ஆகிய அனைத்தும் ஏட்டில் ஏறின. ஆனால் ஏடு கிராணியிடம் இருந்தது; உழைத்தவனிடம் இல்லை. பிறர் எழுதும் கணக்கை நம்பி வாழும் பழக்கம் அன்றே வேர்விட்டது. பிற்காலத்து வங்கிக் கணக்குச் சிக்கலின் மூலத்தை நான் இவ்விடத்தில்தான் காண்கிறேன்.

முந்தானை முடிச்சும் அஞ்சலகமும்

தொடக்கத்தில் பெண்களுக்கு முந்தானை முடிச்சே வங்கி; ஆண்களுக்கோ கங்காணியின் கைப்பெட்டி. அடுத்து வந்தது கூட்டு. பத்துப் பேர் மாதந்தோறும் பணம் போட்டு, முறைவைத்து ஒருவர் எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டால் எத்தனையோ திருமணங்கள் நடந்தேறின. பணத்தோடு சிலர் மறைந்ததால் எத்தனையோ குடும்பங்கள் நொடித்தும் போயின. 1971இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் இயற்றப்பட்டது.

அரசின் பாதுகாப்போடு சேமிக்க வழிசெய்தது அஞ்சலகச் சேமிப்பு வங்கியாகும். நீரிணைக் குடியேற்ற நாடுகளில் அது 1877இல் தோன்றியது. பின்னர், 1974இல் அமைக்கப்பட்ட தேசிய சேமிப்பு வங்கி, மலேசியாவில் அஞ்சலகச் சேமிப்பின் பொறுப்பை ஏற்றது. இதற்கிடையே 1951இல் ஊழியர் சேமநிதி வந்தது. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டப் பாட்டாளிகளிடம் மாதம் பத்து வெள்ளி வீதம் திரட்டி, துண்டாடப்பட்டு விற்கப்பட்ட தோட்டங்களை அவர்களுக்கே உடைமையாக்க முனைந்தது. பத்து வெள்ளியின் வலிமையை நம் மக்களுக்கு உணர்த்திய இயக்கம் அது. அதே பத்து வெள்ளி நம் கதையில் மீண்டும் வரப்போகிறது, வேறு முகத்தோடு.

வாழைமர நோட்டு

சேமிப்பின் மீது நம் மக்களுக்கு ஏற்பட்ட அச்சத்திற்கு வரலாற்றுக் காரணம் ஒன்றும் உண்டு. 1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். அவர்கள் அச்சிட்டு வெளியிட்ட, வாழைமரம் பொறித்த பணத்தாளே மூன்றரை ஆண்டுகளுக்கு மேலாக நாட்டில் புழங்கியது. 1945 செப்டம்பரில் திரும்பி வந்த பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் அத்தாள் செல்லாது என அறிவித்தது. உறைக்குள்ளும் பெட்டிக்குள்ளும் பத்திரப்படுத்தியிருந்த சம்பளம் ஒரே நாளில் குழந்தைகளின் விளையாட்டுப் பொருளாயிற்று.

ஆக்கிரமிப்புக் காலத்துக் கடன், வைப்பு ஆகியவற்றைத் தீர்க்க 1948இல் ஒரு சட்டம் பிறந்தது. ஜப்பானியப் பணத்தின் மதிப்பு மாதத்திற்கு மாதம் எவ்வளவு வீழ்ந்தது என்பதை அளந்து, அதற்கேற்பப் பழைய கொடுக்கல் வாங்கலைத் தீர்க்க அது வழிகாட்டியது. அச்சட்டத்தால் பயன் பெறக் கையில் சீட்டு வேண்டும். சீட்டைக் கொண்டுபோய்க் கேட்கும் துணிவும் வேண்டும். நம் மக்களிடம் பெரும்பாலும் இரண்டும் இல்லை. ‘விட்டது போகட்டும்’ என்ற சொல் அன்று தோட்டத்தில் ஆறுதலாயிற்று. பின்னர் அதுவே பழக்கமாயிற்று.

சம்பளம் வங்கிக்குப் போனது

2012இல் வேலைச் சட்டம் திருத்தப்பட்டபின், சம்பளத்தைத் தொழிலாளியின் வங்கிக் கணக்கில் செலுத்துவது முறையாயிற்று. உறையில் வந்த சம்பளம் அட்டைக்கு மாறியது. நன்மை பல விளைந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தோட்ட நிர்வாகம் ஒரு வங்கியைச் சுட்டும்போது, தொழிலாளி முன்பே வேறு வங்கியில் வைத்திருந்த சிறு கணக்கு கேட்பாரற்றுப் போவதும் உண்டு. நம் அம்மையாருக்கு நேர்ந்ததும் அதுவே. மகளின் திருமணத்திற்கென 1994இல் தொடங்கிய கணக்கில் மீதமிருந்த தொகையை 2013 மார்ச்சுக்குப் பின் அவர் தொடவில்லை.

பன்னிரண்டு மாதம் கொடுக்கல் வாங்கல் நிகழாத கணக்கை வங்கிகள் உறங்கும் கணக்கு என்பர். அத்தகைய கணக்கிலிருந்து ஆண்டுக்குப் பத்து வெள்ளி கழிப்பது பல வங்கிகளின் கட்டணப் பட்டியலில் இடம்பெற்ற வழக்கம். பத்து வெள்ளியோ அதற்கும் குறைவோ எஞ்சினால், கணக்கை மூடி அதையும் கட்டணமாக எடுத்துக்கொள்வர். கணக்கு உறங்கலாம், கட்டணம் உறங்குவதில்லை. ஏட்டைப் பராமரிக்கவும் மோசடியினின்று காக்கவும் செலவாகிறது என்பது வங்கியின் வாதம். அதனை முற்றாகத் தள்ளிவிட இயலாது. ஆனால் ஆயிரக்கணக்கில் உடையவனுக்குத் தூசாகத் தோன்றும் அப்பத்து வெள்ளி, நூறு வெள்ளி உடையவளுக்குப் பத்தில் ஒரு பங்கு என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இருபது வெள்ளி

அம்மையாரும் நானும் வங்கிக்குச் சென்று கணக்கின் முழு விவரத்தையும் கேட்டு வாங்கினோம். 2013 முதல் 2018 வரை ஆண்டுதோறும் டிசம்பரில் பத்து வெள்ளி. ஆறு முறை, அறுபது வெள்ளி. சுவரில் ஒட்டியிருந்த கட்டணப் பட்டியலை அதிகாரி சுட்டிக் காட்டினார்; மரியாதையாகவே பேசினார். அறிவிப்புக் கடிதம் அனுப்பினோம் என்றார். அக்கடிதம் சென்ற முகவரி, எப்போதோ இடிக்கப்பட்ட லயத்து வீட்டின் எண்.

அன்றிரவு பட்டியலையும் விவரத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். முதற் கட்டணம் 2013 டிசம்பரில் எடுக்கப்பட்டிருந்தது. கடைசியாகப் பணம் எடுத்த மார்ச்சிலிருந்து ஒன்பது மாதங்களே ஆகியிருந்தன! அடுத்து, ரொட்டி டின்னின் அடியில் மடித்துக் கிடந்த ஒரு சீட்டு, 2016 ஜூன் மாதம் அவர் இருபது வெள்ளி செலுத்தியதைக் காட்டியது. அவ்வாண்டு டிசம்பரில் அது உறங்கும் கணக்கே அன்று. எனினும் கட்டணம் கழிக்கப்பட்டிருந்தது. வங்கியின் சொந்த விதிப்படியே இருபது வெள்ளி தவறு. எஞ்சிய நாற்பது வெள்ளி விதிக்கு உட்பட்டது.

மலாய் மொழியில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். கணக்கெண், நாட்கள், தொகைகள், சீட்டின் நகல் ஆகியவற்றோடு, தக்க விடை கிடைக்காவிடில் நிதிச் சேவைக்கான நடுவரிடமும் பேங்க் நெகாராவிடமும் முறையிடுவோம் என்ற ஒரு வரியும் சேர்த்தேன். அம்மையார் தம் கையால் தமிழில் ஒப்பமிட்டார். மூன்று வாரங்களில் இருபது வெள்ளி கணக்கில் திரும்பி வந்தது. நாற்பது வெள்ளி வரவில்லை. அதைக் கேட்க எங்களுக்கு விதி இடங்கொடுக்கவும் இல்லை. விதி சரி, அது நியாயமா என்ற வினா மட்டும் என் நெஞ்சில் இன்றும் நிற்கிறது.

எழுதிக் கேட்போம்

இருபது வெள்ளிக்கு இவ்வளவு பாடா எனச் சிலர் நகைக்கலாம். அம்மையார் நகைக்கவில்லை. புதுப்பித்த புத்தகத்தில் அந்த வரியைத் தம் விரலால் தடவிப் பார்த்தார். தம் உழைப்பின் கணக்கைத் தாமே கேட்டு, தம் சொல் சரியென்று பிறர் ஒப்புக்கொண்டதை அவர் வாழ்நாளில் அன்றுதான் கண்டார் என எண்ணுகிறேன்.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது ஒன்றே. வஞ்சகத்தால் நாம் இழந்தது உண்டு. ஆனால் கேளாமையால் இழந்ததும் சிறிதன்று. கேட்பதற்கு இன்று வாயில்கள் உள்ளன. வங்கியிடம் முதலில் எழுத்தில் முறையிடல் வேண்டும். அங்கே தீராதவற்றை விசாரிக்க 2016 முதல் செயல்பட்ட நடுவர் அமைப்பு, 2025 முதல் நிதிச் சந்தை நடுவர் சேவையாக விரிந்துள்ளது. 1969இல் தோன்றிய பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் போன்றவையும் எளியோர்க்குத் துணைநிற்கின்றன. மேலும், நெடுங்காலம் தொடப்படாத தொகை 1965ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டப்படி அரசின் பதிவாளரிடம் ஒப்படைக்கப்படும். அச்சட்டம் சேமிப்புக் கணக்குக்கு வகுத்த எல்லை ஏழாண்டு. அங்குச் சென்ற பணத்தையும் உரியவரோ வாரிசோ தக்க சான்றுடன் கோரலாம். இறந்துபோன பெற்றோரின் பெயரில் அவ்வாறு ஏதேனும் கிடக்கிறதா என்று பிள்ளைகள் விசாரித்தல் நலம்.

இன்று இம்மலையில் கொழுந்து எடுக்கும் கைகளுள் பல வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவை. ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும் அவர்களும் இங்கே சிறு கணக்குகளை விட்டுச் செல்லக்கூடும். நம் பாட்டன்மார் பட்ட பாட்டை அவர்களும் படாதிருக்க, கணக்கை முடித்துக்கொண்டு போகும்படி சொல்வது நம் கடமை.

என் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு ஆண்டு இறுதியில் ஒரு பயிற்சி தருகிறேன். வீட்டிலுள்ள சேமிப்புப் புத்தகத்தைப் பாட்டியின் முன் அமர்ந்து வாய்விட்டுப் படித்துக்காட்டி, விளங்காத கழிவு ஒவ்வொன்றையும் ஓர் ஏட்டில் எழுதி வரவேண்டும். கிராணியின் கையில் இருந்த ஏடு, இவ்வாறேனும் உழைத்தவர் வீட்டிற்கு வந்து சேரட்டும்.